எரிச்சக்காரி கடவு

வேலிக் கடவுக்கு இரும்புக் கேட்டு மாட்டிப் பூட்டோணும்னு என்ற தம்பி ஆறுச்சாமி சொல்றான். மாட்டு சாமி, உன்ற காடு, உன்ற காசு, நான் வேண்டாங்கல. இந்தக் கடவுக்கு எப்படி இந்தப் பேரு வந்துச்சுன்னு மட்டும் கேட்டுட்டுப் பூட்டு. உன்ற மருமகளும் கேக்கட்டும். டவுன்ல பொறந்த புள்ள, ‘கடவுன்னா என்னங்கத்தை’ன்னு காலையில கேட்டுது. வேலியில ஆளும் ஆடும் போறதுக்கு உட்டு வெக்கற சந்துதான் அம்மிணி கடவு. ஆனா இது ஒண்ணும் சும்மா உட்ட சந்து இல்ல.

அது எந்தக் காலம்னா, கம்பி வேலியும் கெடையாது, சர்வேக் கல்லும் கெடையாது, அந்தக் காலம். இதே கருங்காட்டுப்புதூர்ல பாவாத்தான்னு ஒருத்தி இருந்தாளாமா. நம்ம ஊட்டு மூத்தவ. அப்ப இந்தச் சுத்துவட்டாரத்துல வேலிங்கறதே இல்லியாமா. வெள்ளாமை எடுத்த காட்டுல எவன் வேணா வரலாம், எவன் வேணா தங்கலாம். மூணு கல்லக் கூட்டி அடுப்பு வெச்சா அன்னிக்கு அது அவன் ஊடு. போறப்பச் சாம்பல மூடோணும், கல்லக் கவுத்துப் போடோணும். அதுதான் சட்டம். வளையக்காரன் வருவான், சட்டிபானைக்காரன் வருவான், பழனிக்கு நடக்கறவங்க வருவாங்க. ‘ஆரக் கேட்டு வந்தே’ன்னு ஒரு வாய் கேட்டதில்லையாமா.

மாசி பொறந்தா தெக்கத்திக் கிடைக்காரங்க வருவாங்களாமா. ஆயிரம் செம்மறி. பாவாத்தாளோட மந்தைக்காட்டுல ரெண்டு மாசம் கிடை போட்டு ஆட்ட அடைப்பாங்க. ஆட்டுக்குத் தீனி ஆச்சு, காட்டுக்கு எருவாச்சு.

பாவாத்தா சின்ன வயசுலயே தாலியறுத்தவ. ஒரே மக, மயிலாத்தா. பதினாலு வயசு. அவுளுக்குக் காடு ஒரு சொத்தில்ல, தோட்டம் ஒரு சொத்தில்ல, இந்தப் புள்ள ஒண்ணுதான். புள்ளைக்குக் காய்ச்சல்னா இவுளுக்குச் சோறு எறங்காது.

அந்தக் கிடையில இருளாயின்னு ஒரு பொம்பள. கிடைக்காரன் பொண்டாட்டி. இடுப்புல ஒரு முள்வாங்கி தொங்கிட்டே இருக்கும். ஆட்டுக் காலுக்கும் ஆள் காலுக்கும் அவதான் முள்ளெடுக்கறது. ஈனற ஆட்டுக்குக் குட்டி குறுக்க விழுந்தாக் கையுட்டுத் திருப்பி எடுக்கறதும் அவதான். பேச்சுன்னா அப்படிப் பேச்சாமா, கேக்கறவங்க வேலையப் போட்டுட்டு உக்காந்துக்குவாங்க.

மயிலாத்தாளும் உக்காந்துக்கிச்சு. விடியாலப் போனா பொழுதோடதான் ஊடு. ஒரு நா சோத்துக்கு உக்காந்த புள்ள, ‘ஆத்தா, சொம்பு அங்கிட்டு இருக்கு பாரு’ன்னுச்சாமா. சோறு போட்ட கை அப்படியே நின்னு போச்சு பாவாத்தாளுக்கு.

“அங்கிட்டா? அதென்னடி அங்கிட்டு? நாம அக்கட்டன்னுதான சொல்லுவோம்?”

“இருளாயி அயித்தை அப்படித்தான் சொல்லும்.”

“ஓஹோ! அயித்தை ஆயிட்டாளா?”

அடுத்த நா, ‘அயித்தை வெக்கற கருவாட்டுக் கொழம்புக்கு ஒரு சட்டி சோறு உங்கலாம்’னுச்சாமா. கருவாட்டக் கையில தொட்டறியாதவ பாவாத்தா. சந்தைக்கு ஆளனுப்பி வாங்கிட்டு வரச் சொல்லி, மூக்கப் பொத்திக்கிட்டே கொழம்பு வெச்சாளாமா. புள்ள ரெண்டு வாய் உண்டுது. ‘நல்லாத்தான் இருக்குது’ன்னு சொல்லீட்டு எந்திரிச்சிருச்சு. அந்தச் சட்டியக் கொண்டுபோய்க் குப்பக்குழியில கவுத்துனாளாமா பாவாத்தா. எனக்கு அது புரியுதப்பா. என்ற ஓரகத்தி ஊட்டுக்கு மொதல்ல கிரைண்டர் வந்தப்ப ரெண்டு நா நான் ஆருகிட்டயும் பேசல. அது மாவாட்டற கல்லு. இது பெத்த புள்ள.

அப்பறம் ஒரு நா மத்தியானம் பொறுக்க மாட்டாம அவளே கிடைக்குப் போனா. போயி என்னத்தப் பாத்தா? இருளாயி வேலமரத்தடியில கால நீட்டி உக்காந்திருக்கறா. மடியில மயிலாத்தா. தலைக்குப் பேன் பாத்துட்டே இருக்கறா இவ, நல்லாத் தூங்குது அது, வாயத் தொறந்துட்டு. அஞ்சு வயசுக்கு அப்பறம் பாவாத்தா மடியில அந்தப் புள்ள தூங்குனதே இல்லியாமா.

பாவாத்தா அப்படியே திரும்பி நடந்து வந்தா. வயிறு எரியுது, நெஞ்சு எரியுது, வெறுங்கால்ல மண்ணு சுட்டதுகூடத் தெரியலியாமா. ஊருக்குள்ள வந்து சொல்லிப்போட்டா: “நாளைக்கு ஊருல இருக்கற அருவாளெல்லாம் என்ற காட்டுக்கு வரோணும்.”

நூறு ஆள் வந்தாங்க. கரட்டுல கிளுவை மரத்த வெட்டி, ஆளு ஒசரக் குச்சியா நட்டு, எடையில முள்ள வெச்சு, ஊட்டு வாசல் ஒண்ண மட்டும் வழியா வெச்சு மந்தைக்காட்டச் சுத்தி அடைச்சுப்போட்டாங்க. மேய்ச்சலுக்குப் போன ஆடு பொழுதோட திரும்பி வருது, நொழைய வழியில்ல. கத்துது ஆயிரம் ஆடும். அடுப்பும் பாயும் உள்ள, ஆளெல்லாம் வெளிய.

இருளாயி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்னா. “ஏத்தா, நாங்க என்ன தப்புச் செஞ்சுபுட்டோம்?”

“தப்பு ஒண்ணுமில்ல. என்ற காடு. நான் அடைச்சுக்கறேன்.”

“எங்க மாமனார் காலத்துலருந்து தங்குற எடமாச்சே. எப்பவுமே இப்படித்தானா?”

பாவாத்தாளுக்கு அவ மூஞ்சியப் பாத்து ஆமான்னு சொல்ல வரலியாமா. “இந்த வருசத்துக்குத்தான்”ன்னு சொன்னா.

“அப்பச் சரித்தா”ன்னாளாம் இருளாயி. சாமானத்த மட்டும் எடுத்துக் குடுக்கச் சொல்லி வாங்கிக்கிட்டா. அடுப்புக் கல்லக் கவுத்தச் சொல்லல. “அது கெடக்கட்டும், அடுத்த வருசம் வருவோமுல்ல”ன்னு போயிட்டாளாமா.

இனிப் புள்ள நம்ம புள்ளதான்னு பாவாத்தா நெனைச்சா. எங்க! மயிலாத்தா அழுவல, சண்டை போடல. கேட்டதுக்குப் பதில் சொல்லும், போட்டத உங்கும். பொழுதன்னிக்கும் போயி அந்த மூணு கல்லுக்குப் பக்கத்துல உக்காந்துக்கும்.

சித்திரையில பேஞ்சுது பாருங்க ஒரு மழை! நட்ட குச்சியெல்லாம் துளுத்துப்போச்சு. கிளுவை அப்படி மரம், வெட்டி நட்டா வேர் உட்டுக்கும். அது தெரியாதவளா பாவாத்தா? எரிச்சல்ல அதையெல்லாம் ஆரு நெனைக்கறாங்க? ஒரு வருசத்துக்குன்னு நட்ட வேலி, பச்சையாக் கெளை உட்டு நிக்குது.

அடுத்த மாசிக்குக் கிடை வந்துது. இருளாயி தூரத்துலயே நின்னு பாத்தாளாமா. உசிரு வேலி. நாக்குத் தவறிட்டாளேன்னு மட்டும் சொல்லீட்டு ஆட்டத் திருப்பிட்டா. அது போறதப் பாவாத்தாளும் பாத்தா. கூப்பிடோணும்னு வாய் வரைக்கும் வந்துது, கூப்பிடல. போனாப் போறான்னுதான் இருந்துது அவுளுக்கு.

ஊரு சும்மா இருக்குமா? பாவாத்தாளே அடைச்சுட்டா, நமக்கென்னன்னு ஆளாளுக்குக் கிளுவை நட்டாங்க. அஞ்சு வருசத்துல ஒரு காடு பாக்கியில்ல. வளையக்காரன் வரல, சட்டிபானைக்காரன் வரல. ரெண்டு வேலிக்கும் நடுவுல இட்டேரி ஒண்ணுதான் தடம். அது வளைஞ்சு வளைஞ்சு ஊரெல்லாம் சுத்திட்டுப் போகும்.

மயிலாத்தாளக் கிழக்க நொச்சிவலசுல கட்டிக் குடுத்தாங்க. காட்டுக்குள்ள நேரா நடந்தா ஒரு நாழித் தூரம். அந்தத் தைரியத்துலதான் அங்க குடுத்தா பாவாத்தா. புள்ள முழுகாம இருந்துது. தலப்பிரசவத்துக்குத் தாயூட்டுக்கு வரோணுமில்ல? ‘வாரேன், வாரேன்’னு நாளக் கடத்திட்டே இருந்துது அது. வேலிக்குள்ள வர அதுக்கு மனசில்ல.

மாசியில ஒரு நா மத்தியானம் நொச்சிவலசுப் பக்கமிருந்து ஒருத்தன் இட்டேரியச் சுத்தி ஓடியாந்தான். “வலி வந்துருச்சு, புள்ள குறுக்க நிக்குதாமா, மருத்துவச்சி கையப் பெசையறா”ன்னான். வண்டி மாடு சந்தைக்குப் போயிருச்சு. இட்டேரியில நடந்தா பொழுது உழுந்துரும். பாவாத்தா முந்தானைய இழுத்துச் சொருவிட்டுக் காட்டுக்குள்ளயே எறங்கிட்டா.

மொத வேலி அவ வேலி. நொழையச் சந்தில்ல. சந்து உடாம அடைக்கச் சொன்னவளே அவதான? கையிலயே முள்ளப் பிச்சுட்டுப் பூந்தா. அப்பறம் பங்காளி வேலி. அதுக்கு அக்கட்ட இன்னொண்ணு. சேலை கிழிஞ்சுது, ரத்தம் வழியுது. ஒவ்வொரு வேலியாப் பிச்சுட்டு, ‘நான் பெத்த தாயி, நான் பெத்த தாயி’ன்னு கத்திட்டே போனாளாமா.

அத்தன வேலியும் பிச்சுட்டு நொச்சிவலசுக்குப் போறப்ப இங்கயும் சூரியன் மறையற நேரம் ஆயிருச்சு. ஊட்டுக்குள்ள கொழந்தை அழுவற சத்தம் கேக்குது. கதவு நிலையப் புடிச்சுட்டு எட்டிப் பாத்தா. மக உசிரோட படுத்திருக்குது. பேரன். பேரன வெச்சிருக்கறது ஆரு? இருளாயி!

ஆமா சாமி. மந்தைக்காட்டுல எடமில்லைன்ன கிடை, அஞ்சு வருசமா மாசிக்கு மாசி நொச்சிவலசு ஏரிக்கரையிலதான் தங்கிட்டு இருந்துருக்குது. இவ வெரட்டி உட்டா, அது நேராப் போயி மக ஊட்டு வாசல்ல நின்னுக்கிச்சு. குறுக்க நின்ன புள்ளைய ஆட்டுக்குட்டியத் திருப்பற கையாலதான் திருப்பி எடுத்திருக்கறா.

பாவாத்தா அப்ப என்ன சொல்லியிருப்பான்னு நெனைக்கறீங்க? நீ நல்லா இருக்கோணும், நீ தெய்வம்னா? அதான் இல்ல. வாசல்படியிலயே உக்காந்துட்டு ஓன்னு அழுதுட்டுச் சொன்னாளாமா: “மொதல்ல உன்ற கைக்கா வரோணும் என்ற பேரன்? எனக்கு உன்னக் கண்டா அன்னிக்கும் எரிஞ்சுது. இன்னிக்கும் எரியுதடி.”

இருளாயி கொழந்தைய நீட்டுனா. வாங்கப் போன கையப் பாத்துட்டு, பட்டுன்னு பின்னால இழுத்துக்கிட்டா. உள்ளங்கை ரெண்டுலயும் முள்ளு. பச்சப் புள்ளையத் தொடற கையா அது?

“எரியட்டும்த்தா. மொதல்ல கையக் காட்டு”ன்னா.

கொழந்தைய மயிலாத்தா பக்கத்துல போட்டுட்டு, முள்வாங்கிய எடுத்துட்டு உக்காந்துட்டா இருளாயி. ஒவ்வொரு முள்ளா எடுத்தா. எல்லாம் பாவாத்தா நட்ட கிளுவை முள்ளும் அவளப் பாத்து ஊரு நட்ட கிளுவை முள்ளும். கடைசி முள்ளு வந்ததுக்கப்பறந்தான் பேரனக் கையில குடுத்தா. படுத்துட்டே பாத்துட்டு இருந்த மயிலாத்தா அப்பத்தான் வாயத் தொறந்துது. “ஆத்தா, இக்கட்ட வந்து உக்காரு.” இங்கிட்டுன்னு சொல்லாம இக்கட்டன்னு சொல்லுச்சாமா. அதக் கேட்டுட்டு இன்னொருக்கா அழுதாளாமா பாவாத்தா.

ஊருக்குத் திரும்புன அன்னிக்கே கட்டுப் போட்ட கையோட அருவாள எடுத்தா. துளுத்த மரத்த வேரோட அழிக்க மனசு வரல. ஆளு ஒரு ஆளு, ஆடு ரெண்டு ஆடு போற அகலத்துக்குத் தானே வெட்டித் தொறந்தா. அதுதான் இந்தக் கடவு. உள்ள கெடக்குதே மூணு கல்லு, அது இருளாயி கவுத்தாத கல்லு. அவளப் பாத்து ஊரே கடவு உட்டுது.

இதோட எரிச்சல் போயிருச்சுன்னு நெனைச்சராதீங்க. சாகற மட்டும் போகலியாமா! மாசி மாசம் கிடை வந்தா பாவாத்தா கடவுல வந்து இடுப்புல கை வெச்சு நின்னுக்குவாளாம். “வந்துட்டியாடி? வந்து தொலை!”ம்பாளாம். “எரியட்டும்த்தா, வழிய உடு”ம்பாளாம் இருளாயி. இவ ஒதுங்கி நிப்பாளாம், ஆயிரம் ஆடும் உள்ள போகுமாம். அதப் பாத்து ஊரு வெச்ச பேருதான் எரிச்சக்காரி கடவு.

அந்தப் பேரனோட வம்சந்தான் நாமெல்லாம். இன்னிக்கும் கிடை வந்தா இந்த ஊட்டுப் பொம்பள ஒருத்தி கடவுல நின்னு, ‘வந்து தொலை’ன்னு வெய்யோணும். வெய்யாம அவங்களும் உள்ள வரமாட்டாங்க. வெஞ்சாத்தான் இருக்கச் சொல்றாங்கன்னு அவங்களுக்கு அர்த்தம். எங்க ஆத்தா வெஞ்சா, இருவது வருசமா நான் வெய்யறேன்.

அக்கட்ட மணிச் சத்தம் கேக்குதா? ஏரியத் தாண்டிட்டாங்க. எந்திரி அம்மிணி, என்ற கூட வா, எப்படி வெய்யறதுன்னு பாத்துக்க. ஏன்டா ஆறுச்சாமி, பூட்டறேங்கறயே, நீ பூட்டிட்டா நான் எங்கடா நின்னு வெய்யறது?