கையைக் கட்டும் மாத்திரை

பாயசத்தைக் கவிழ்த்தது நான்தான் இன்ஸ்பெக்டர் மேடம். ஈஸ்டர் முடிந்து ஆவூர்த் திருவிழா விருந்தில், வாளியோடு தடுக்கிப் பங்குச்சாமியாரின் வெள்ளை அங்கியில் ஊற்றிவிட்டேன். "தவக்காலம் முடிஞ்சிருச்சுல்ல சாமி, அங்கியும் கொஞ்சம் சாப்பிடட்டும்" என்றேன். பந்தியே சிரித்தது. என் மனைவி சூசைமேரி, "இவருக்குக் கை ஒரு எடத்துல நிக்காது சாமி" என்றாள். அதற்கு என் நகைச்சுவையைவிடப் பலத்த சிரிப்பு.

நானும் சிரித்தேன். கல்யாண வீடுகளில் மைக் பிடித்து ஊரைச் சிரிக்கவைப்பதுதான் என் பிழைப்பு. இளகிய மனசு வேறு. கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டேன், சூசைமேரிதான் அறுப்பாள்.

அவளுக்கு அப்போதுதான் இதயக் குழாயில் அடைப்பை விரித்து ஸ்டென்ட் கம்பி வைத்திருந்தார்கள். எங்கள் மகள் ஜெனிபர் திருச்சியில் நர்ஸ். அவள்தான் எனக்கு விளக்கினாள்.

"பலூன ஊதுறப்ப குழாயோட உள்தோல் உரிஞ்சிரும்ப்பா. ரத்தத்த உறையவைக்கிற தட்டணு மேல கொக்கி மாதிரி மூலக்கூறுங்க இருக்கு. புண்ணக் கண்டா ஓடிவந்து, ஒண்ணையொண்ணு கோத்துக்கிட்டுக் குழாயையே அடைச்சிரும். புதுத்தோல் வளந்து கம்பிய மூடுற வரைக்கும் அந்தக் கொக்கிய மடக்கிவைக்கத்தான் மாத்திரை."

"கையைக் கட்டுற மாத்திரைன்னு சொல்லு."

"அப்படித்தான் வச்சுக்கங்க. விட்டுறாதீங்க. இதத் தின்னா தோல்ல லேசாப் பட்டாலே கன்னிப்போகும், பயப்படாதீங்க."

விருந்து முடிந்து வீட்டுக்கு வந்ததும் சூசைமேரியின் கையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன். முன்பும் பிடித்ததுண்டு, ஊருக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. மறுநாள் காலையில் என் ஐந்து விரலும் அவள் கையில் நீலமாக இருந்தன.

எதிர்வீட்டு அடைக்கலமேரி பார்த்துவிட்டாள். "என்னடி இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்க்கா."

"ஒங்க வீட்டுக் கதவுக்கு வெரல் மொளைச்சிருக்காக்கும்?"

அதற்கப்புறம் என் வீட்டில் எனக்கே மூச்சுவிட இடமில்லை. சும்மா தள்ளினால் தோளில் கறுப்பு. காதோரம் தட்டினால் கழுத்துவரை ஊதா. நான் வீட்டுக்குள் செய்ததை அவள் தோல் ஸ்பீக்கர் வைத்து ஊருக்குச் சொன்னது. கோயிலில் என்னைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிடுவது குறைந்தது. அவளும் சித்திரை வெயிலில் முழுக்கை ரவிக்கை போட்டுத் தவித்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மாத்திரையை நான்தான் பிரித்து அவள் உள்ளங்கையில் வைப்பேன். அதே ரோஸ் நிறத்தில் சத்து மாத்திரை கிடைத்தது. அதை வைத்தேன். கொஞ்ச நாளில் அவள் மேனி தெளிந்தது. அடைக்கலமேரிகூட, "மாப்ள திருந்திட்டாரு" என்றாள். நான் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை, அடையாளம்தான் விழவில்லை.

ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள்.

எல்லோரிடமும் கேட்டேன், எப்படியும் போயிருப்பாள்தானே என்று. பங்குச்சாமியார் தேவ சித்தம் என்றார். டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

என் ஸ்பீக்கர் பெட்டிக்குள் பிரிக்காத மாத்திரை அட்டைகளைக் கண்டெடுத்து உங்களிடம் கொடுத்த ஜெனிபர், சற்று முன் வந்தாளே, அவளிடமும் கேட்டேன்.

"மாத்திரையத் தின்னுருந்தாலும் அம்மா போயிருக்கும்லம்மா?"

அவள் அழவில்லை.

"தின்னுருந்தா நீங்க அடிச்சது தெரிஞ்சிருக்கும்ப்பா. அம்மா இருந்திருக்கும்."