பச்சை விளக்கு எரிந்தது

சர்வருக்கு மாற்று பவர் சப்ளை தேர்ந்தெடுப்பது பெரிய வித்தை இல்லை, ஐயா. இடத்தில் கச்சிதமாகப் பொருந்தினால் மட்டும் போதாது, எத்தனை வாட் தரும் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் மருத்துவமனை சர்வரில் இரண்டு பவர் சப்ளை. ஒன்று படுத்துவிட்டால் மற்றது முழுச் சுமையையும் இழுக்கும். ஒன்று படுத்துவிட்டது. மாற்றுவது என் வேலை. ஸ்டோர் அலமாரியில் சரியானது ஒன்று இருந்தது, பாதிச் சுமைகூடத் தாங்காத சிறியது ஒன்றும் இருந்தது. நான் சிறியதை எடுத்தேன். பழைய மெஷின், அதற்கும் பச்சை விளக்குக் காட்டும். கூட இருக்கும் பழையது ஓடும்வரை வண்டவாளம் வெளியே வராது. அதுவும் கொஞ்ச நாளாக முனகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

எங்கள் கம்ப்யூட்டர் துறைக்குத் தலைவன் என் மைத்துனன். நான் சொல்லித்தான் அவனுக்கு அங்கே வேலை கிடைத்தது. பிறகு எனக்கு மேலேயே போய் உட்கார்ந்துகொண்டான். மரியாதைக்குக் குறைவில்லை, அதுதான் எரிச்சல். வீட்டில் என் மனைவி தம்பி புராணம் பாடாமல் சாப்பாடு போட்டதில்லை. நிர்வாகிகள் வந்து பார்க்கும் நாளில் மெஷின் கவிழ்ந்து அவன் முகத்தில் அசடு வழிய வேண்டும். என் ஆசை அவ்வளவு சின்னது.

"மாமா, வாட் பாத்துதானே போட்டீங்க?" என்று கேட்டான்.

"பாக்காம போடுவனா மாப்ளே? பச்சை எரியுது பாரு."

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

நிர்வாகிகள் வருவதற்கு முன்பே, ஒரு மத்தியானம், பழையது நின்றது. சிறியது தாங்கவில்லை. சர்வர் அணைந்தது. நோயாளிகள் நர்சைக் கூப்பிடும் வார்டு மணிகள் எல்லாம் அதில்தான் ஓடின. தொண்டையில் அறுவை முடிந்து படுத்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவருக்கு மூச்சு அடைத்தது. பக்கத்து அறையில் இருந்த நர்சுக்கு மணி கேட்கவில்லை. அவர் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை.

மைத்துனனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "எங்கயோ தப்பு பண்ணிட்டேன் மாமா" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். முதுகைத் தட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குற்ற உணர்வு தின்கிறது.

ஆனால் ஓர் உயிர் போகும் என்று நினைத்துச் செய்யவில்லை, ஐயா. மணி அடிக்காவிட்டால் வாய்விட்டுக் கூப்பிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் எழுதுங்கள். அந்த ஓட்டுநரின் கட்டிலில் மணியைப் பொருத்தியது நான்தான். தொண்டையில் குழாய், பேச்சு வராது. அவர் விரலைப் பிடித்துப் பொத்தான்மேல் வைத்து, "இதை அழுத்துங்க, உடனே வந்துடுவாங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். சிறிய பவர் சப்ளையைச் சொருகியது அதற்கு மறுநாள்.