அடிக்கடி மாறும் அஸ்திவாரம்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்த பெண் திடீரென்று சொன்னாள்: "அஸ்திவாரத்த மறுபடியும் மாத்திட்டானுங்கடா."

பக்கத்தில் பட்டு வேட்டியில் அவளுடைய தம்பி. அவனுக்குப் பெண் பார்க்கத்தான் போகிறார்கள் என்பது ஏறியதிலிருந்தே பஸ்ஸுக்குத் தெரியும்.

"இன்னாக்கா?"

"நான் பாத்துக்கினு இருக்கற சாப்ட்வேர் வேற ஒருத்தரோட சாப்ட்வேர் மேல நிக்குது. அவங்களுது இன்னும் முழுசா ரெடியாவல, மாத்திக்கினே கீறாங்க. ஒவ்வொரு தபாவும் என்னுது ஒடஞ்சிடுது."

"ஒடையட்டும். ஓசியிலதான குடுக்கற."

"கண்ணு தெரியாதவங்களுக்குப் போன்ல தமிழ் படிச்சிக் காட்டறது அதுதான்டா. காலையிலேர்ந்து அவங்க போன் பேசவே மாட்டேங்குதாம்."

எழுதியதை ஒருமுறை திரும்பப் படிக்கவே சோம்பல்படும் எழுத்தாளன் நான். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சந்திரகிரி தாண்டியும் அவள் வேலை முடியவில்லை. தம்பி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு பெண் வீட்டுக்குப் போன் போட்டான்.

"மாமா, வர்றதுக்கு ஒரு மணி நேரம் லேட்டாவும். இல்ல, பஸ் நல்லாத்தான் போவுது. எங்கக்கா வேலையில கீறாங்க."

போனை வைத்துவிட்டு அவளிடம் சொன்னான்: "பஸ் ஸ்டாண்டுல உக்காந்து பொறுமையா முடி. நம்ம வீட்ல மொதல்ல அக்கா வேல, மாப்ள ரெண்டாவதுதான்னு அந்தப் பொண்ணு இப்பவே தெரிஞ்சிக்கட்டும்."