ஊருக்குக் கட்டிய பெட்டி

— அதுக்கு எதுக்கு கவரு போட்டு வச்சிருக்கீங்கன்னுதான் கேக்குறேன்.

— புதுசுல்லங்க. தூசி பட்டா வெள்ளை மங்கிப் போகும்னு ஆத்தாதான் பாலித்தீன் கவரு மாட்டி ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்கு.

— வெளங்கும். அது என்ன கல்யாணச் சேலையாடி? மூஞ்சிய மூடிப்புட்டா அது எப்பிடி மோந்து பாக்கும், எப்பிடிக் கத்தும்?

— சரி, சரி, வையாதீங்க. இந்தா பிரிச்சுட்டேன். சைபர்னு காட்டுது.

— சைபர்தான் காட்டணும். கேட்டுக்க மணி. கடையில ரெண்டு தினுசு வச்சிருந்தான். ஒண்ணு வெறுமனே கத்துறது, இன்னொண்ணு நம்பரும் காட்டுறது. கண்ணால பாத்தாத்தான் ஒங்க ஆத்தா நம்பும்னு நம்பர் காட்டுறதா வாங்கி, லீவுல ஊருக்கு வந்த வசந்தகுமார்ட்ட குடுத்து விட்டேன். நீங்க என்னடான்னா அதுக்கு சட்டை மாட்டி வச்சிருக்கீங்க.

— கவராச்சும் பரவாயில்ல. மொதல்ல அத அடுப்படியில கொண்டு போயி சிலிண்டர் பக்கத்துல வச்சிருந்துச்சு. மாப்பிள்ளை கேஸுக்கு மிசினு அனுப்பியிருக்காருன்னு தெருவுக்கே சொல்லியாச்சு.

— சிலிண்டர் கசிஞ்சா நாத்தம் வரும், மூக்கே சொல்லிரும். இது வேறடி. கரி, வெறகு, டீசலு, எது எரிஞ்சாலும் அதுலேருந்து வார வெசவாயு. வாடை கெடையாது, கண்ணுக்குத் தெரியாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அம்புட்டுதான். நீ படுக்குற ரூமுல செவுத்துல மாட்டச் சொல்லு. வாரத்துக்கு ஒருக்கா டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாரு. இப்ப அமுக்கு, நான் போன்ல கேக்குறேன்.

— அய்ய, இப்ப வேணாம். இப்பத்தான் பால் குடிச்சுட்டுக் கண்ணு மூடியிருக்கா ஒங்க மக. பதினாறு நாளா என்னைய ஒரு மணி நேரம் கண்ணசர விடல. சாயந்தரம் அமுக்குறேன்.

— தணல் சட்டி எங்க இருக்கு?

— கட்டிலுக்கடியில.

— கதவு?

— சாத்தித்தான் இருக்கு. மார்கழிக் குளிரு, பச்ச ஒடம்பு, ஈரக்காத்து ஏறிரும்னு ஜன்னல் எல்லாம் அடைச்சு, தணலப் போட்டு, சாம்பிராணி தூவிட்டுப் போயிருக்கு. ஏழு புள்ளைக்கும் இதே சட்டிதானாம். ஏழும் குத்துக்கல்லாட்டம் இருக்கோமாம்.

— அத்தை காலத்துல ஓட்டு வீடு. ஓட்டுச் சந்துல காத்து வரும் போகும். இப்ப ஒங்க அண்ணன் கட்டியிருக்கது கண்ணாடி ஜன்னல் போட்ட காங்கிரீட்டு வீடு. நான் சும்மா சொல்லல மணி. போன வருசம் இதே மாசம், இங்க பக்கத்து லேபர் கேம்புல ரெண்டு பேரு. குளிருக்குக் கரியப் போட்டு கதவச் சாத்திட்டுப் படுத்திருக்காய்ங்க. காலையில டீ கொண்டு போனது நான்தான். போர்வைய இழுத்து விட்டுக்கிட்டு, கன்னமெல்லாம் செவந்து, நல்லாத் தூங்குற மாதிரியே கெடந்தாய்ங்க. எழுப்பாம டீய வச்சுட்டு வந்துட்டேன்டி. தூங்கட்டும்னு.

— ஏங்க... இத இத்தன நாளா எங்கிட்ட சொல்லவே இல்லயே.

— லீவுல வந்தப்ப சொல்ல வாய் வரல. அப்பறம் நீ முழுகாம இருந்த. இப்பச் சொல்லிட்டேன்.

— அப்ப ஒங்க ரூமுல?

— எங்க ரூமுல கரி வாசப்படி தாண்டாது. கூடத் தங்கியிருக்க பெரியண்ணன்தான் வைவாரு, குளிருல சாகடிக்கிறியேடான்னு.

— கரியக் கேக்கல. இந்த டப்பா மாதிரி ஒண்ணு இருக்கான்னு கேக்குறேன்.

— ரெண்டாத்தான் வாங்குனேன். இங்க ரெண்டு நாளு செவுத்துல மாட்டியிருந்துச்சு. அப்பறம் எங்க அக்கா வீட்டுல வெறகடுப்பாச்சேன்னு கழட்டி, பேட்டரியோட அப்பிடியே புதுப் போர்வைக்குள்ள சுத்தி, ஊருக்கு வார பெட்டியில போட்டுட்டேன்.

— லீவுக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு. அதுக்குள்ள பெட்டியக் கட்டியாச்சா?

— டேப்பு ஒட்டி, கயிறு போட்டு, பேரு எழுதி, கட்டிலுக்கடியில தள்ளியாச்சு. இங்க எல்லாரும் அப்பிடித்தான்.

— நல்ல சோப்பு, தைலம், போர்வை எல்லாம் பெட்டிக்கு. நீங்க கந்தலப் போத்திக்கிட்டுப் படுங்க. ஆமா, என்னங்க அங்கிட்டு ஒரே எரைச்சலா இருக்கு?

— கரண்டு இல்ல. ஜெனரேட்டரு ஓடுது. முன்பக்கம் மணல் காத்து அடிக்குதுன்னு காலையில கொண்டாந்து எங்க ஜன்னலுக்குக் கீழ வச்சுட்டாய்ங்க. அந்தச் சத்தத்துக்குத்தான் ஜன்னல அடைச்சு, இயர்போன மாட்டிக்கிட்டு, படுத்துக்கிட்டே பேசுறேன். தலை வேற விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. நேத்து மீன் கொழம்பு ஒத்துக்கல போல, வயித்தப் பெரட்டுது.

— பெரியண்ணன் அண்ணன்ட்டச் சொல்லி ஒரு சுக்குக் காப்பி போடச் சொல்லுங்க.

— வெள்ளிக்கெழம லீவுல, அசந்து தூங்குறாரு. ரெண்டு தடவ கூப்புட்டேன், அசையவே இல்ல. சரி, பாப்பா பொறப்புக்கு எழுதிக் குடுத்தாச்சா?

— கந்தர்வக்கோட்டை ஆஸ்பத்திரியிலயே எழுதிட்டாக. நர்சம்மா அப்பா பேரு என்னன்னு கேட்டுச்சு. நான் பேனாவ வாங்கி எழுதிக் காட்டிட்டேன்.

— வாயத் தொறந்து நிலவழகன்னு சொன்னா முத்து உதிர்ந்துருமோ?

— எங்க ஆத்தா இன்னைக்கு வரைக்கும் எங்க அப்பா பேரச் சொன்னதில்ல.

— ஒரே ஒரு தடவ சொல்லேன். போன்லதான. யாரு கேக்கப் போறா?

— ஆசையப் பாரு. பேசாம படுங்க.

— நான் செத்தாத்தான் சொல்லுவ போல.

— ஏங்க! வெள்ளிக்கெழம அதுவுமா என்ன பேச்சு இது?

— சரி, விடு. பாப்பா பால் குடிச்சுச்சா?

— அப்பவே சொன்னேனே, குடிச்சுட்டாள்னு.

— சொன்னியா? சரி... இரு. அது என்ன சத்தம்?

— எது?

— பீப், பீப்னு... நாலு. நிக்குது. இந்தா, மறுபடி நாலு. ஒனக்குக் கேக்குதா?

— லேசாக் கேக்குதுங்க. யாரு போனோ அடிக்கிற மாதிரி.

— போனு இல்ல. அதுதான்டி! அதுதான் அப்பிடிக் கத்தும். நாலு நாலாக் கத்தும். மணி, பாப்பாவத் தூக்கு!

— அய்யய்யோ! ஆத்தா! ஏ ஆத்தா!

— கத்திக்கிட்டு நிக்காத. கதவத் தொற. வெளிய போ, ஓடு!

— தொறந்துட்டேன், தொறந்துட்டேன். தணல் சட்டிய என்ன செய்ய?

— அத ஏன் தொடுற? வெளிய போடின்னா! அத்தையும் வரச் சொல்லு.

— வந்துருச்சு. வாசலுக்கு வந்துட்டோம். அண்ணன் கொல்லைக்குப் போயிருக்காக. பாப்பா அழுவுறா.

— அழட்டும். நல்லா அழட்டும். மூச்சு நல்லா இருக்குல்ல? கன்னம் செவந்திருக்கா?

— இல்லங்க, எப்பயும் போலத்தான் இருக்கா.

— இன்னும் கத்துதே. தள்ளிப் போ.

— ரோட்டுக்கே வந்துட்டேன்.

— இன்னும் கேக்குது மணி. இன்னும் தள்ளிப் போ.

— முந்திரிக் கொல்லைக்கே வந்துட்டேங்க, அண்ணன் தெரியுறாக. ஏன் ஒங்களுக்கு வாய் கொழறுது?

— தூக்கம்... கண்ணு சொக்குது. நீங்க எல்லாம் வெளிய வந்துட்டீங்கல்ல. அது போதும். கால் கல்லாக் கனக்குது... பாப்பா பால் குடிச்சுச்சா?

— மூணாவது தடவ கேக்குறீங்க. ஏங்க, இருங்க. தூங்கிறாதீங்க. அந்த டப்பா என் கையில இருக்கு.

— அத ஏன் தூக்கியாந்த...

— நீங்க அனுப்புனதாச்சேன்னு பாப்பாவோட சேத்து அள்ளிக்கிட்டு வந்தேன். சைபர்தான் காட்டுது. கத்தவே இல்லங்க.

— கத்துதே... நல்லாக் கேக்குதே... நாலு... நாலு...

— ஏங்க. ஏங்க? பேசுங்க! ஏங்க!

— ம்...

— நிலவழகன்! ஏய் நிலவழகன், காதுல உள்ளதப் புடுங்கி எறி! கத்துறது ஒன் கட்டிலுக்கடியில கெடக்குற பெட்டி. எந்திரி, கதவத் தொற, பெரியண்ணனையும் இழுத்துக்கிட்டு வெளிய போ!