கெமுனிங் கட்டையில் இரண்டு அங்குலம்

போலீஸ் ஸ்டேஷன் கோப்பியில் சீனி கொஞ்சம் கூடிப்போய்விட்டது, தம்பி. பரவாயில்லை, ஊற்றிய கைக்கு நல்ல மனசு. குடித்துக்கொண்டே பேசுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று நீங்கள் எழுதி முடித்த ரிப்போர்ட்டை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். தமிழ்ப் பிள்ளை, படித்த பிள்ளை, மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். "பொன்னுதுரை, வயது அறுபத்திரண்டு, ஓய்வுபெற்ற எஸ்டேட் கணக்குக் கிராணி, காஜா பேராங் வாசி." அதுவரை சரி. அதற்குப் பிறகு ஒரு வரி. "சொந்தமாகக் கைவேலை செய்யப்பட்ட துப்பாக்கி பழுதாகி, ஒரே அழுத்தலில் மூன்று குண்டுகள் பாய்ந்ததால், மைத்துனர் கருணாகரன் விபத்தில் இறந்தார். துப்பாக்கியை உடைத்துக் கடலில் போடவும்." அந்த வரியைத் திருத்தத்தான் பஸ் பிடித்து வந்தேன்.

என் பேச்சில் பாதியைக் கழித்துக்கொள்வது எங்கள் தெருவில் வழக்கம். நான் சுட்ட பன்றிகளை வரிசையாகப் படுக்க வைத்தால் காஜா பேராங்கிலிருந்து ஜாலான் பெண்டஹாரா நகைக்கடை வரைக்கும் போகும் என்பேன். கேட்டவர்கள் பாதி வழியிலேயே நிறுத்திவிடுவார்கள். இன்றைக்கு மட்டும் எதையும் கழிக்காதீர்கள்.

அந்தத் துப்பாக்கி எஸ்டேட் துரை கப்பலேறும்போது எனக்கு முறையாக எழுதிக்கொடுத்தது. அமெரிக்கக் கார்பைன். பெர்மிட் இருக்கிறது, பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். ஒரு தடவை விசையை அழுத்தினால் ஒரு குண்டு. அடுத்த தோட்டா தானே வந்து சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் நாம் மறுபடி அழுத்தினால்தான் அது வெளியே போகும். ஒரே அழுத்தலில் மூன்று போகவே போகாது. இதை நன்றாக எழுதுங்கள்.

உள்ளே இருக்கும் இரும்பில் நான் கை வைத்ததே இல்லை. நான் மாற்றியது தோளில் அண்டக் கொடுக்கிற மரக் கட்டையை மட்டும். நான் இடக்கையன், கையும் நீளம். வந்த கட்டை வலக்கைக்காரனுக்குச் செய்தது. கிரிஸ் கத்திக்குப் பிடி போடுகிற கெமுனிங் மரம் தேடி, பதினான்கு மாதம் நானே செதுக்கினேன். மெழுகை இளஞ்சூட்டில் உருக்கி, இடது கன்னத்தை அதில் பதித்து, அந்தப் பள்ளத்தை அப்படியே மரத்தில் இறக்கினேன். கன்னம் வெந்ததற்குக் கமலவேணி மூன்று நாள் வெண்ணெய் தடவினாள். முடித்துத் தோளில் வைத்தபோது, என்னைப் பெற்றபோதே இதையும் கூடப் பெற்றிருப்பார்களோ என்று தோன்றியது.

கமலவேணி என் மனைவி. கருணாகரன் அவள் தம்பி. குட்டைக் கைக்காரன், வாய் மட்டும் நீளம்.

போன மார்ச்சில் குடலிறக்கத்துக்காக ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தேன். அவன் அக்காவிடம் வந்து பெட்டிச் சாவியை வாங்கி, துப்பாக்கியை எடுத்துப்போயிருக்கிறான். அவன் கைக்கு எட்டவில்லையாம். ரம்பத்தை எடுத்து, கட்டையின் பின்பக்கத்தில் இரண்டு அங்குலம் அறுத்துவிட்டான். அறுத்த துண்டை அவன் வீட்டுக் கதவு சாத்தாமல் இருக்க அண்டக் கொடுத்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று துப்பாக்கியைக் கேட்டு அவன் வீட்டுக்குப் போனபோது, நான் அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன்.

"என்ன மச்சான் இது?" என்றேன்.

"கட்டைதானே அத்தான். கை நீளமா இருந்தா நீங்க கொஞ்சம் மடக்கிக்குங்க" என்றான். கூட இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவையை நான் மறுப்பதில்லை.

அடுத்த வேட்டையில் முதல் குண்டிலேயே என் கட்டைவிரல் மூக்கில் இடித்தது. பன்றி தப்பித்துவிட்டது. வாழ்நாளில் எனக்குத் தப்பிய ஒரே பன்றி அதுதான். சட்டையெல்லாம் ரத்தம்.

"பன்னி சிரிச்சுக்கிட்டே ஓடுது பாருங்க" என்றான் கருணாகரன். "பதினஞ்சு தோட்டா போட்டுக்கிட்டு பன்னீர் மாதிரி தெளிச்சாலும் அத்தானுக்கு ஒண்ணும் படாது."

நான் கோபப்படவில்லை. வீட்டுக்கு வந்து புதுத் துண்டு செதுக்கினேன். கெமுனிங்தான், அதே நிறம். ஆணி தெரியாமல் ஒட்டி, மேலே பித்தளைத் தகடு அடித்தேன். ஆனால் ஒட்டுப்போட்ட கட்டை பழைய கட்டை மாதிரி நடக்குமா என்பது சுட்டால்தானே தெரியும். பன்றியை வைத்துப் பார்க்க முடியாது. அது ஓடும், நாம் எங்கே குறிவைத்தோம் என்று சாட்சி சொல்லாது. நான் குறிவைத்த இடத்தை ஒப்புக்கொள்ளக்கூடிய ஓர் ஆள் வேண்டும்.

சுதந்திரக் கொடி ஏறிய மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து பெரெண்டாம் ஊர்ப் பக்கத்து ரப்பர் காடு. தெய்வநாயகம் நாய்களோடு மறுபக்கத்தில் பன்றியை விரட்டப் போயிருந்தார். எங்கள் தெருச் செட்டி, நல்ல மனிதர். நாங்கள் இருவர் மட்டும் ஓடைக்கு இந்தப் பக்கம். கருணாகரன் தன் துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டு பீடி பற்றவைத்தான்.

"கருணாகரா, வலது முழங்கால்" என்றேன்.

"காலங்காத்தாலே என்ன அத்தான் வெளையாட்டு" என்று திரும்பினான். சுட்டேன். சில்லு சிதறி, மரத்தில் கட்டியிருந்த பால் கிண்ணம் ஒன்றில் ரத்தம் தெறித்தது. ரப்பர்ப் பாலில் சிவப்பு உடனே கலக்காது தம்பி, மேலேயே நிற்கும். அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"இடது" என்றேன். அவன் ஊர்ந்துகொண்டிருந்தான், அது கொஞ்சம் கடினமான குறி. அதுவும் சொன்ன இடத்தில் பட்டது. மூக்கில் இடிக்கவில்லை.

"அத்தான், அக்காவ நெனச்சுப் பாருங்க அத்தான்" என்றான்.

நினைத்துப் பார்த்தேன். கீழே விழுந்திருந்த அவன் பீடி அணையும்வரை நின்று நினைத்துப் பார்த்தேன். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது என்று இதிலிருந்தே நீங்கள் கணக்குப் போடலாம். பிறகு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "கட்டை இப்போ சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"சரியா இருக்கு அத்தான்."

"தெளிச்சேனா, குறி வச்சுச் சுட்டேனா?"

"குறி வச்சுத்தான் அத்தான். குறி வச்சுத்தான்."

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதோடு வீட்டுக்கு வந்திருப்பேன். ஆனால் எங்கள் வேட்டைக் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. காயம் பட்டதைக் காட்டில் விட்டுவிட்டு வரக்கூடாது, காயப்படுத்தியவனே முடித்துவைக்க வேண்டும். காதுக்குப் பின்னால் ஒன்று. பன்றிக்குக்கூட நான் அதைவிட மென்மையாகச் செய்ததில்லை. கட்டையில் தெறித்திருந்ததை அவன் தோள் துண்டாலேயே துடைத்தேன். கெமுனிங் ஈரம் குடித்தால் கறுத்துவிடும்.

நாய்கள்தான் முதலில் வந்து நக்கின. தெய்வநாயகம் ஓடி வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். உங்களிடம் மலாயில் "ஓராங் துவா, தங்கான் கெதார்" என்று சொன்னாராமே, கிழவருக்குக் கை நடுக்கம் என்று. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருக்கிறார். இதோ, கையை நீட்டுகிறேன். கோப்பிக் கிளாஸை இதன்மேல் வையுங்கள். ஒரு சொட்டு சிந்தினால் உங்கள் ரிப்போர்ட் அப்படியே இருக்கட்டும்.

பார்த்தீர்களா.

ஆக, துப்பாக்கியில் பழுது இல்லை. கட்டையில் கோளாறு இல்லை. நான் மூன்று தடவை அழுத்தினேன், மூன்று தடவையும் வேண்டுமென்றே அழுத்தினேன். அந்தச் சாமான் எந்தத் தப்பும் செய்யாதபோது அதை உடைத்துக் கடலில் போடுவது அநியாயம். வீட்டில் கமலவேணி என்னோடு பேசுவதில்லை. அது சாவு வீட்டு வருத்தம், பத்து நாளில் சரியாகிவிடும்.

கையெழுத்து எங்கே போட வேண்டும், இங்கேயா? நல்லது. விபத்து இல்லை என்று ஆகிவிட்டதால் பெர்மிட்டிலும் இனிச் சிக்கல் இருக்காது. திங்கட்கிழமை காலை வந்து துப்பாக்கியை வாங்கிக்கொள்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன், நண்டுக் குழம்பு வைக்கச் சொன்னேன் என்று வீட்டுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்.