மேல்வீட்டுக்கு நாடு கடத்தியவை

— கிட்ட வந்து உக்காருங்க கண்டக்டர் அண்ணே, ஒரு கதை சொல்றேன். முட்டாள் ஒருத்தியோட கதை. நல்லா சிரிக்கலாம். நடுவுல கொட்டாவி மட்டும் விடக் கூடாது.

— முதல்ல அந்த மூட்டையை இறக்கி வை தங்கச்சி. இன்னைக்கு என்ன லக்கேஜ்? போன வாரம் சோபா வந்துச்சு. அதுக்கு முந்தி பூனை.

— புத்தகம். பாப்பாவோட படக்கதைப் புத்தகம் அத்தனையும். பழைய தாள்ல கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்காம். அதுதான் பாப்பா தோலைப் பிச்சு எடுக்குதாம்.

— யாரு சொன்னது, டாக்டரா?

— டாக்டர் சொன்னா நான் எங்க கேக்கறேன்? நான் வேலை பார்க்கற ஓட்டல் லிஃப்ட்டுல கூட வந்த ஒரு அம்மா சொன்னாங்க. மேல போய்ச் சேர்றதுக்குள்ள வியாதி, மருந்து, பத்தியம் எல்லாம் சொல்லி முடிச்சுட்டாங்க. யாருன்னே தெரியாது. வீட்டுக்கு வந்து புத்தகத்தைக் கட்டிட்டேன்.

— ரைட். பூனைக்குப் பக்கத்துல வை. உன் வீட்டுச் சாமான் ஏறி ஏறி இங்க ஃபுல் சீட்டு. நான்தான் ஸ்டாண்டிங்ல நிக்கறேன்.

— பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஜன்னல் திரை எங்களுது, தரைக் கம்பளம் எங்களுது, அந்தப் பஞ்சுக் கரடி எங்களுது. இங்க வந்தா என் வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு. கீழ போனாத்தான் யார் வீடோன்னு தோணுது. சுவரும் நாங்களும் மிச்சம். எங்க வீட்டுக்காரர் ஒரு தும்மல் போட்டா நாலு பேர் தும்மற மாதிரி எதிரொலிக்குதுண்ணே.

— அவரையும் மூட்டை கட்டி மேல அனுப்பிடாத தாயி.

— யோசிக்காமலா இருந்தேன்? மீசையோட விட்டுட்டேன். முத்தம் குடுக்கும்போது குத்தி அதனால தடிக்குதோன்னு ஒரு சந்தேகம். கல்யாணத்துக்கு முந்தியே வளர்த்த மீசை. பேசாம எடுத்துட்டு வந்து நின்னாரு, பாவம். பாப்பா யாரோன்னு வீல்னு அழுதுச்சு. அழுத கண்ணீர் பட்டு அதுக்கு வேற கன்னம் சிவந்துச்சு.

— அட! மாடிப்படியில பார்த்துட்டு, "யாரு சார் வேணும்?"னு நானே கேட்டேன். மனுஷன் முகத்தைத் திருப்பிட்டுப் போனாரு.

— சிரிங்க, சிரிங்க. முட்டையை நிறுத்தினேன், பாலை நிறுத்தினேன், கடலையை நிறுத்தினேன். டாக்டர் எது ஒத்துக்கலைன்னு பார்க்க அதோட கையில ஊசியால சின்னச் சின்னதா குத்திப் பார்த்துட்டு, "பூனை காரணமில்லம்மா, முட்டை காரணமில்லம்மா, பாலும் இல்லம்மா, எல்லாத்தையும் திரும்பக் குடுங்க"ன்னாரு. நான் என்ன கேட்டேன் தெரியுமா? "ஊசி பழசா இருக்குமோ சார்?"னு கேட்டேன்.

— அவர் என்ன சொன்னாரு?

— மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. ரொம்ப நேரம் துடைச்சாரு.

— நானா இருந்தா, ரிட்டயர் ஆனாலும், விசில் ஊதி இறக்கி விட்டிருப்பேன்.

— ஓட்டல்ல எனக்கு என்ன பேர் தெரியுமா? பூதக்கண்ணாடி. வேலை செய்யற பொண்ணுங்க வெச்ச பேரு. அறையைச் சுத்தம் பண்ணிட்டாங்கன்னா நான் போய்க் கட்டிலுக்கு அடியில படுத்து டார்ச் அடிச்சுப் பார்ப்பேன். விரிப்புல ஒரு சுருக்கம், குளியலறையில ஒரு முடி, எதுவும் தப்பாது. ஊரான் வீட்டு முடியைக் கண்டுபிடிக்கற எனக்கு, பெத்த பிள்ளை எதனால சொறியுதுன்னு கண்டுபிடிக்கத் துப்பில்ல.

— இப்போ எப்படி இருக்கு பிள்ளைக்கு?

— காலையில போர்வையைத் தூக்கினா ரத்தத் திட்டு. நகத்தை ஒட்ட வெட்டினேன். கையில சாக்ஸ் மாட்டினேன். அதைப் பல்லால கடிச்சுக் கழட்டிட்டுச் சொறியுது. தைலம் தடவினா கத்துது. போன வாரம் பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காந்திருந்த பிள்ளை எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிடுச்சாம். ஒட்டிக்கும்னு அவங்க அம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க. பாப்பா வந்து என்கிட்ட கேக்குது, "அம்மா, நான் பூச்சியா?"ன்னு.

— அட கடவுளே.

— சரி, கதையோட முடிவைச் சொல்லிடறேன். அதுக்குத்தான் வந்தேன். நாங்க ஊரை விட்டே போறோம்ணே.

— என்ன?

— காத்து மாறினா சரியாகுமாம். எங்கேயோ தூரத்துல ஒரு ஊரு. அவர் மாத்தல் கேட்டிருந்தாரு, கிடைச்சுடுச்சு. இன்னைக்கு ஆபீஸ்ல கையெழுத்துப் போடறாரு. நான் வேலையை விட்டுடுவேன். வேற வழியில்ல. வீட்டுல இருந்து வெளிய தள்ள இனிமே ஒண்ணுமில்ல, எங்களைத் தவிர.

— இதுவும் லிஃப்ட்டு அம்மா சொன்னதா?

— அவங்க இல்ல. வேற ஒரு அம்மா. பஸ் நிறுத்தத்துல.

— டாக்டர் என்ன சொல்றாரு?

— அவர் ஒரே ஒரு கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாரு. "எங்கேயாவது போனா பிள்ளைக்கு அரிப்பு குறையுதா? யோசிச்சுச் சொல்லுங்க"ன்னு. "இந்த உலகத்துல அப்படி ஒரு இடமில்ல சார்"னு அங்கேயே உக்காந்து அழுதுட்டு வந்தேன்.

— ம்.

— என்னண்ணே, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்கறியா?

— வேணாம். அந்தத் திரை எதுக்கு ஆடுது? ஜன்னல் சாத்தித்தானே இருக்கு?

— பூனையா இருக்கும்.

— பூனை உங்க மடியில இருக்கு.

— அப்போ... வேற பூனை.

— மியாவ்.

— இந்தப் பூனையை நான்தான் பெத்தேன். மரியாதையா வெளிய வா!

— அம்மா, நான் இங்க இல்ல. கீழ அத்தைகூட தூங்கறேன்.

— ஓகோ. ரெண்டு பேரும் உள்ள தூங்கறீங்கன்னுதான் எட்டிப் பார்க்காம வந்தேன். உன்னைப் பார்த்துக்கற அத்தை எங்க?

— அத்தை நிஜமாவே தூங்கறாங்க. அதான் நான் மேல வந்தேன்.

— எத்தனை நாளா நடக்குது இது? நீங்க சொல்லுங்கண்ணே.

— திட்டு தங்கச்சி. நல்லா திட்டு. பூனை வந்த மறுநாள்ல இருந்து. பள்ளிக்கூடம் விட்டதும் அரை டிக்கெட்டு படியேறி வந்து நிக்கும். "மாமா, பூனையை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்"னுச்சு. ஏத்திட்டேன். நீ வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்கு இறக்கி விட்டுடுவேன். இன்னைக்கு நீ சீக்கிரம் வந்துட்ட.

— அடப்பாவி அண்ணே! பூனையோட, கம்பளத்துல புரண்டு, அந்தக் கரடியைக் கட்டிக்கிட்டு! எதெல்லாம் ஆகாதுன்னு நான் தூக்கிக் குடுத்தேனோ அதுக்கெல்லாம் நடுவுல உக்கார வெச்சிருக்கீங்க! வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?

— சொன்னா நீ கதவைச் சாத்திடுவியே தாயி. இந்த வீட்டுல என்னை மாமான்னு கூப்பிட வேற யாரு வர்றா?

— கையைக் காட்டுடி. திருப்பு. முழங்கை மடிப்பைக் காட்டு. கழுத்தைக் காட்டு.

— சொறியலம்மா.

— பொய் சொல்லாத.

— இல்லவே இல்ல. மாமாவைக் கேளு.

— பிள்ளை சொல்றது நிஜம் தங்கச்சி. இங்க வந்து உக்காந்தா கொஞ்ச நேரத்துல கையை மறந்துடும். நான் இதை யோசிக்கவே இல்ல. டாக்டர் கேட்டதை நீ சொன்னதும்தான் எனக்கு உறைச்சுது.

— இது என்ன கோலம்? இந்தக் காக்கிச் சட்டை யாருது? முழங்காலுக்குக் கீழ தொங்குது.

— மாமாவோட கண்டக்டர் சட்டை. இங்க வந்ததும் மாத்திக்குவேன். என் கவுன் அலமாரிக்கு மேல இருக்கு.

— எதுக்கு?

— கவுன்ல பூனை முடி ஒட்டினா நீ கண்டுபிடிச்சுடுவ இல்ல? ஒரு முடி கூட உன்கிட்ட தப்பாதுன்னு அப்பாகிட்ட சொன்னியே. அதான் கழட்டி வெச்சுடுவேன். போகும்போது திரும்பப் போட்டுக்குவேன்.

— என் வயித்துல பிறந்தது வேற எப்படி இருக்கும்! இந்தச் சட்டையை எதுல துவைக்கறீங்கண்ணே?

— துவைக்கறதா? தண்ணியில முக்கி எடுத்துப் போடுவேன். மத்ததை வெயில் பார்த்துக்கும். ஏன், நாறுதா?

— இல்ல. ஒரு வாசனையும் இல்ல. அதான் கேக்கறேன். கண்ணு, இங்கிருந்து கிளம்பும்போது கவுனைத் திரும்பப் போட்டா என்ன ஆகும்?

— கடிக்கும்.

— அப்பவே ஏன் சொல்லல?

— சொன்னேனே! கவுன் கடிக்குது, போர்வை கடிக்குதுன்னு எத்தனை தடவை சொன்னேன்!

— சொன்னே. ஆமாண்டி, சொன்னே.

— அப்போ நீ என்ன செஞ்ச தங்கச்சி?

— இன்னொரு தடவை துவைச்சேண்ணே.

— எதுல?

— எனக்கு மேற்பார்வை வேலை குடுத்தப்போ துணிக்கு ஊத்தற வாசனைத் தண்ணி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். ஓட்டல்ல பெரிய விருந்தாளிங்க அறைத் துணிக்கு மட்டும் கடைசி அலசல்ல ஊத்துவாங்க. துணி மெத்துன்னு ஆகும், பூந்தோட்டம் மாதிரி மணக்கும். ஒரு மூடி போதும்னு டப்பாவுலயே போட்டிருக்கு. என் பொண்ணு துணியாச்சேன்னு ரெண்டு ஊத்தினேன். கடிக்குதுன்னு சொன்னா மூணு. கையில மாட்டின சாக்ஸையும் அதுலதான் அலசினேன். அது அழுதுக்கிட்டே பல்லால கழட்டும். நான் உக்காந்து திரும்ப மாட்டி விடுவேன்.

— பிள்ளைக்கு அரிப்பு ஆரம்பிச்சது எப்போ?

— கேக்காதீங்க. அந்த மாசம்தான். வீட்டுல இருந்த அத்தனையையும் மாடி ஏத்தினேன், அந்த டப்பாவை மட்டும் பத்திரமா அலமாரியில வெச்சேன். காலியானா புதுசு வாங்கினேன். அதுதான் காரணமான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நாளைக்கே டாக்டர்கிட்ட போய் நிக்கணும். ஊசி பழசான்னு கேட்ட வாயாலயே கேக்கணும். ஐயோ, கையெழுத்து! அண்ணே, உங்க போனைக் குடுங்க.

— இந்தா. நம்பரை நிதானமா போடு.

— ஹலோ? நான்தான். கையெழுத்துப் போட்டாச்சா? போடாதீங்க. பேனாவை மூடுங்க. மேலதிகாரி பார்த்துக்கிட்டிருக்காரா? பார்க்கட்டும், வயித்து வலின்னு சொல்லுங்க. நேரா வீட்டுக்கு வாங்க. இல்லங்க, நல்ல சேதி மாதிரிதான் இருக்கு. மாதிரிதான். என்னது? ஆமா, மீசையை வளர்த்துக்கலாம்.

— என்ன சொல்றாரு?

— முதல்ல மீசையைத்தான் கேட்டாரு. சரி, வா கண்ணு. அம்மாகிட்ட வா.

— மாட்டேன்.

— திட்ட மாட்டேண்டி தங்கம். பூனையும் உன்கூடவே வரும். வா.

— வேணாம்.

— கோவமா அம்மா மேல?

— இல்லவே இல்ல.

— அப்புறம் என்ன? ஏன் மாமா பின்னாடி ஒளியற?

— நீயும் கடிப்பம்மா.

— நானா?

— உன் துணியும் அதே வாசனைதான். நீ கட்டிப் பிடிச்சாத்தான் ரொம்பக் கடிக்கும். சொன்னா நீ அழுவ. அதான் சொல்லல.

— தங்கச்சி? கொஞ்சம் உக்காரு. சோபா உன்னுதுதான், உக்காரு.

— அண்ணே, இந்தக் காக்கிச் சட்டை இன்னொண்ணு இருக்கா?

— இருக்கு. பட்டன் ரெண்டு இல்ல. காலரும் கிழிஞ்சிருக்கும்.

— குடுங்க.

— உள் அறையில போய் மாத்திக்க. கையையும் வெறும் தண்ணியில நல்லா கழுவிட்டு வா.

— மாமா, அங்க பாருங்க! அம்மாவும் கண்டக்டர்!

— ஆமாண்டி. டிக்கெட் எடுத்தியா? வா இங்க. இப்போ எப்படி இருக்கு?

— கடிக்கல.

— இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கட்டுமா?

— ம். கடிக்கல.

— இப்போ?

— மூச்சு முட்டுதும்மா!

— முட்டட்டும். அண்ணே, நீங்க எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைக்கறீங்க? இந்த முட்டாள் கதையைக் கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டீங்க. உங்க வீடு நல்லா இருக்கணும். உங்க படியேறி வர்ற பிள்ளை எதுவும் வாசலோட திரும்பக் கூடாது. வந்தது உடம்பு குளுந்து உக்காரணும். மாமான்னு, சாயங்காலம் தவறாம, யாராவது உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும்.