காம்பராவுக்குப் பின்னாலே தூக்கம்

"பால் குடுக்க கங்காணி விடலன்னு உங்ககிட்ட சொன்னேன்ல அக்கா, அது பொய்."

தெமோதரையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்தவள் சொன்னாள். அவள் பக்கத்தில் இருந்தவர் அவர்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"நேரத்துக்கு விட்டாங்க. நாந்தான் உள்ள வரல. காம்பராவுக்குப் பின்னாடி படுத்துத் தூங்கிட்டேன்."

"எத்தன நாளு?"

"மூணு நாளு. அழுவுறது என் புள்ளதான்னு தெரிஞ்சிச்சு. ரவிக்கையெல்லாம் பால். அப்பயும் எந்திரிக்கலக்கா."

ஹாலிஎலயில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு கிளினிக்குல புள்ளய நிறுப்பாங்க. எடை கொறஞ்சிருந்தா நர்ஸ் மிஸ் கேப்பாங்களே, நான் என்னத்தச் சொல்றது?"

"ராவுல கண்ணே மூடலன்னு சொல்லு. தூங்குனதையும் சொல்லு. நானும் உள்ள வாறேன்."

"நேத்து முழிச்சப்ப மேல ஒரு சீலை கெடந்துச்சு. யாரோ பாத்துட்டாங்க அக்கா."

"நாந்தான் போத்துனேன்."

அதன் பிறகு பதுளை வரும்வரை அவள் அந்த அக்கா பக்கம் திரும்பவே இல்லை.